பேண்டேஜ் துணியில் ஒரு கடல்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற மில் ஒன்றில் நான் செக்கிங் சூப்பர்வைசர். துணியை விளக்குக்கு முன்னால் ஓடவிட்டு, இழை அறுந்திருக்கிறதா, முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதே வேலைதான். காயத்துக்குக் கட்டுகிற துணியைத் தேடி நாடகக்காரர்கள் வருவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், சோலியைப் பாரு என்று விரட்டியிருப்பேன்.

முதலில் ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. எதிர்முனையில் ஒருவர் இந்தியில் பேசிக்கொண்டே போனார், ஆபீசில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர், பாதி சர்வீஸ் புனேயில்தான். அவருடைய நம்பரைக் கொடுத்துப் பேசச் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் விஷயத்தைச் சொன்னார்.

"ஏட்டி, பம்பாயில நாடகக் கம்பெனி நடத்துதாராம். மேடையில தொங்கவிட சல்லாத் துணி வேணுமாம். பன்னெண்டு அடி உயரம், இருவது அடி நீளம். நடுவுல தையலே இருக்கக் கூடாதாம்."

"தைக்காம எப்படிங்க? நம்ம தறி எல்லாம் நாலு அடிதானே?"

அன்று சிரித்துவிட்டேன். மறுநாள் பின்கட்டில் கிடக்கிற அகலத் தறி ஞாபகத்துக்கு வந்தது. ஒரு காலத்தில் கொசுவலைத் துணி நெய்தது, அகலம் பன்னிரண்டு அடிக்கு மேல். துணியைப் படுக்கைவசமாகத் தொங்கவிட்டால் அந்த அகலமே உயரமாகிவிடும், தையலே வேண்டாம். இதைச் சொன்னது நான்தான். முதலாளி முதலில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பிறகு ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

துணியைத் தொங்கவிட்டு, விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போவோம் என்று ஒரு வியாழக்கிழமை பம்பாயிலிருந்து இருவர் வந்து இறங்கினார்கள். அக்காவும் தம்பியும். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டியிருக்கும். அந்த அம்மா மெல்லிய வாயில் புடவை உடுத்தி, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். தம்பிக்காரர் கையில் ஒரு விளக்கு, துணிப்பையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கி வந்தார். அவர்கள் யூதர்கள் என்று, மொழிபெயர்க்க வந்திருந்த என் வீட்டுக்காரர் காதில் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. யூதர் என்ற சொல்லைப் பக்கத்துத் தெரு சர்ச் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறேன், பேப்பரில் சண்டைச் செய்தியில் படித்திருக்கிறேன். வாயில் புடவையில், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பாத்ரூம் எங்கே" என்று கேட்கிற யூதரை அன்றுதான் பார்த்தேன். எந்த நாடு என்று கேட்டேன். பம்பாய்தான், தலைமுறை தலைமுறையாக அந்தக் கடற்கரைதான், வீட்டில் பேசுவது மராத்தி என்றார்கள். முன்னோர் வந்த மரக்கலம் கொங்கணக் கரையோரம் உடைந்து, ஏழு ஆணும் ஏழு பெண்ணும் மட்டும் நீந்திக் கரையேறினார்களாம். பிறகு ஊர் ஊராகச் செக்காட்டிப் பிழைத்தார்களாம். சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொட மாட்டார்களாம். அதனால் ஊர்க்காரர்கள் அவர்களைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே கூப்பிட்டார்களாம். சனிக்கிழமையும் அதுவுமாக எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஊர்க்காரியான எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டு மாடி காலியாக இருந்தது. லாட்ஜ் எதற்கு என்று அங்கேயே தங்கவைத்தோம். கறி வெந்த சட்டி எது, பால் காய்ச்சின சட்டி எது என்று தம்பிக்காரர் ரொம்பப் பணிவாகக் கேட்டார். இரண்டும் ஒரே சட்டியில் ஆகக் கூடாதாம். நான் புதுச் சட்டி வாங்கி, சைவமாகவே சமைத்துப் போட்டேன். பால்கோவாவை மட்டும் எதுவும் கேட்காமல் தின்றார்கள்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. நடத்துவது இந்த இரண்டே பேர். தங்கள் ஜனங்களுக்காக வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுகிறார்கள். நடிப்பவர்கள் எல்லாம் பேங்கில் இருப்பவர், பல் டாக்டர், ஸ்கூல் டீச்சர் என்று அவர்களில் உள்ளவர்கள்தான். தம்பிக்காரர் நாடகம் எழுதுவார், படுதா கட்டுவார், விளக்குப் போடுவார், நாற்காலியும் அடுக்குவார். அக்காதான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பவர். நாடகம் நடக்கும்போது மேடையின் ஓரத்தில் மறைந்து உட்கார்ந்து, யாராவது வசனத்தை மறந்தால் மெதுவாக எடுத்துக்கொடுப்பார். மேடைக்கு மட்டும் வர மாட்டார்.

ஏன் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியுமா? அந்த அம்மா கேட்காத நேரம் பார்த்துத் தம்பிக்காரர் மொட்டைமாடியில் சொன்னார். என் வீட்டுக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார்.

"பன்னெண்டு வயசுல மேடையில வசனம் மறந்துபோச்சாம். முன்வரிசையில எவனோ சிரிச்சிருக்கான். அதுக்குப் பொறவு ஆளுக மொகத்தப் பாத்தா தொண்டை அடைச்சுக்கிடுதாம். இந்த வருசம் கப்பல் ஒடைஞ்ச கதையத்தான் நாடகமாப் போடுதாங்க. கடலோட போன பொம்பள ஒருத்தி, கரையேறினவியகிட்ட பேசணும். அந்த வேசம் கட்டின பொண்ணு வேலை மாத்தலாகிப் போயிட்டா. நாடகத்துக்கு ரெண்டே வாரம் இருக்கு. வசனம் அம்புட்டும் தெரிஞ்சது அக்கா மட்டுந்தான்."

"அதுக்குத்தான் இந்தத் துணியா?"

"ஆமா. பின்னால வெளக்கு எரிஞ்சா, சனத்துக்கு அவிய தெரிவாங்க. அவியளுக்குச் சனம் தெரியாது. இங்க ஒருதரம் பேசிட்டா அங்கயும் பேசிருவா, இங்க பேசலைன்னா இந்த வருசம் நாடகமே இல்லைங்கார்."

பத்தொன்பது வருஷம் அந்தத் துணிக்குள் கண்ணை விட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்பார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் துணி தறியிலிருந்து இறங்கியது. நானே செக் பண்ணினேன், ஒரு முடிச்சு இல்லை. அன்று பொழுது சாய்வதற்கு முன்னால் அந்த அம்மா மாடியில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றி, கண்ணைக் கைகளால் மூடிக்கொண்டு ஏதோ சொன்னார். எட்டிப் பார்த்த என்னைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். இனி நாளைக்கு இருட்டி மூன்று நட்சத்திரம் தெரிகிற வரை வேலை எதுவும் கிடையாது, வண்டி ஏறுவது கிடையாது, விளக்கு ஏற்றுவதோ அணைப்பதோ கிடையாது, இன்னொருவரைச் செய்யச் சொல்வதும் கிடையாது என்று தம்பிக்காரர் விளக்கினார். என் வீட்டுக்காரர் இதையும் எனக்கு மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்த மனுஷன் மண்டையில் அது ஏறவில்லை என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

காலையில் காபி கொண்டுபோனேன். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. மாடியில் ஃபேன் ஓடவில்லை, லைட் எரியவில்லை. என்ன ஆயிற்று என்று கீழே வந்து கேட்டேன்.

"நாந்தான் மாடி மெயினை அணைச்சேன்," என்றார் என் வீட்டுக்காரர், பெருமையாக. "ஒம்பதரை ஆச்சு, மேல பூராம் லைட்டு எரியுது. மறந்துட்டாங்க போலன்னு அணைச்சேன்."

பட்டாளத்தில் ஒன்பதரைக்கு விளக்கணைத்துப் பழகின கை. ஓய்வுபெற்று இத்தனை வருஷமாகியும் அடங்கவில்லை.

"அவிய ஒண்ணும் சொல்லலையா?"

"அவரு இறங்கி வந்தாரே. மாடியில ரொம்ப இருட்டா இருக்குன்னாரு. ஆமா, நல்லாத் தூக்கம் வரும்னு சொல்லி அனுப்பிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். தொடக் கூடாதவர்கள், வாய்விட்டுக் கேட்கவும் கூடாதவர்கள், இருட்டாக இருக்கிறது என்று சொல்லத்தான் முடியும். அதைச் சொல்லியும் இந்த மனுஷன் தூங்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். "ஒங்களுக்கு மண்டையில மூளையா களிமண்ணா? பங்குனி வெக்கையில ரெண்டு சீவனைப் போட்டு வேக வச்சிருக்கீங்களே!" என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். அவர் முகம் செத்துப்போயிற்று. மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். இனி நீங்கள் இருக்கிற இடத்தில் ஒரு சுவிட்சிலும் கை வைக்க மாட்டேன் என்று சத்தியமே செய்தார்.

தம்பிக்காரர் சிரித்தார். இருட்டில் தூக்கம் வராமல் அக்கா அந்த வசனம் முழுவதையும் வாய்விட்டுப் பேசினாராம். கூடப்பிறந்த அவரே அதைக் கேட்டது முதல் தடவையாம். அந்த அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் நான்கு பேரும் மொட்டைமாடியில் அண்ணாந்து நின்றோம். செண்பகத்தோப்புப் பக்கம் மலைமேல் மேகம். முதல் நட்சத்திரம் கோபுரத்துப் பக்கம் தெரிந்தது, இரண்டாவதை அந்த அம்மா கண்டுபிடித்தார். மூன்றாவதை நான் கண்டுபிடித்துக் கத்தினேன், அது நகர்ந்தது. விமானம். எல்லாரும் சிரித்தோம். செத்த நேரம் கழித்து அசல் நட்சத்திரம் வந்தது, கார் பிடித்து ராஜபாளையத்துக்குப் போனோம்.

பேக்கிங் ஹாலில் துணியைத் திரையாகக் கட்டித் தொங்கவிட்டாயிற்று. டீ நேரம், செகண்ட் ஷிப்ட் பெண்கள் நாற்பது பேர் வந்து கூடிவிட்டார்கள். தம்பிக்காரர் எல்லா டியூப் லைட்டையும் அணைக்கச் சொன்னார். அங்கேதான் நான் என் சூப்பர்வைசர் புத்தியைக் காட்டினேன். கத்தியும் கத்திரியும் கிடக்கிற ஹால், இருட்டில் யாராவது இடறி விழுந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும், முன்வரிசை லைட் இருக்கட்டும் என்று அடம்பிடித்தேன். ஒரு வரிசைதானே, பரவாயில்லை என்று அவர் விளக்கைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். அந்த அம்மாவும் போனார். நாங்கள் காத்திருந்தோம்.



துணி எங்களுக்கு வெள்ளையாக, சுண்ணாம்புச் சுவராக நின்றது. அந்த அம்மாவின் உருவம் ஏதோ நிழலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு பெண், "ஏட்டி, தொடங்கலையா?" என்று கிசுகிசுத்தாள். இன்னொருத்திக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். நான் செக்கிங்காரி, எனக்குத் தெரியாதா? எந்தப் பக்கம் வெளிச்சம் தூக்கலோ அந்தப் பக்கந்தான் துணி வழியே தெரியும். எங்கள் தலைக்கு மேலே நான் எரியவிட்ட லைட், அவர் கண்ணுக்கு எங்கள் நாற்பது முகமும் பளிச்சென்று தெரிகிறது. பொத்திய வாயும் தெரிந்திருக்கும். இதற்காகவா பம்பாயிலிருந்து வந்தார்? என் அடத்தால் அந்த மனுஷியின் நாடகம் நின்றுபோகப் போகிறது என்று நினைத்ததும் லைட்டை அணைக்கத் திரும்பினேன். சுவிட்ச் போர்டு ஹாலின் அந்தக் கோடியில் இருந்தது. அதன் பக்கத்தில் என் வீட்டுக்காரர், காலையில் செய்த சத்தியத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. மெதுவாக, இந்தியில், யாரிடம் என்று இல்லாமல். அத்தனை இந்தி எனக்கும் புரிந்தது.

"இங்கே ரொம்ப வெளிச்சமாக இருக்கிறது."

நட்சத்திரம் வந்தாயிற்று, வாய்விட்டே கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. கட்டியிருந்த கையை அவிழ்த்து, வரிசையாக எல்லா சுவிட்சையும் தட்டி அணைத்தார்.

ஹால் இருண்டது. சுவர் கரைந்தது. தம்பிக்காரர் விளக்கின் நீல வெளிச்சத்துக்குள் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார், கண்ணாடி கழுத்தில் தொங்க, கை இரண்டும் விரிந்து. பேச ஆரம்பித்தார். மராத்தியில் எங்களுக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. யாரோ ஒருத்தி தண்ணீருக்கு அடியிலிருந்து தன் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. வாயைப் பொத்திச் சிரித்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும்தான் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பேசி முடித்தார். என் வீட்டுக்காரர் சுவிட்ச் பக்கம் விறைத்து நின்றார். யாராவது சொல்லாமல் இனி போட மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

திரையை ஒதுக்கிக்கொண்டு அந்த அம்மாவே வெளியே வந்தார். இருட்டில் சுவரைத் தடவித் தடவி நடந்து, சுவிட்ச் போர்டைக் கண்டுபிடித்து, தன் விரலால் லைட்டைப் போட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

வாயைப் பொத்தியவள்தான் கேட்டாள். "யம்மா, இன்னொருக்கா சொல்லுங்களேன்."

என் வீட்டுக்காரர் மொழிபெயர்க்க வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மா முதல் வரியைத் தொடங்கிவிட்டார், திரைக்கு முன்னால், முழு வெளிச்சத்தில், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. பின்னால் தம்பிக்காரர் விளக்கை அணைக்காமல் பிடித்தபடி நின்றிருந்தார்.