அலையாத்தி நிழலில் ஒரு பிரசவம்

அறுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதத்துப் பகலில் நடந்தது இது. மணலியில் எண்ணெய் ஆலையின் புகைபோக்கிகள் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தன. நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம் கல்மண்டபம். கட்டிக்கொடுத்ததோ எண்ணூர்க் கழிக்கு அந்தப் பக்கம், உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவருக்கு. அங்கே பஸ் கிடையாது, ரோடு கிடையாது. எதற்கும் படகு ஏறித்தான் எண்ணூர் வர வேண்டும்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். நாள் இன்னும் இருக்கிறது என்று சாவகாசமாகத்தான் புறப்பட்டோம். படகில் நானும் அவரும் படகுக்காரரும் மட்டும்.

கோடையில் முகத்துவாரம் மணல் தள்ளிப் பாதி தூர்ந்துபோகும். கழியில் தண்ணீர் குறைந்துவிடும். அன்றைக்குக் கடலும் உள்வாங்கியிருந்த நேரம். பாதி வழியில், அலையாத்தி மரங்கள் அடர்ந்த ஒரு திட்டுக்குப் பக்கத்தில் படகு தரை தட்டி நின்றுவிட்டது. படகுக்காரர் கோலை ஊன்றி ஊன்றித் தள்ளிப் பார்த்தார். அசையவே இல்லை.

"தண்ணி ஏறுனாத்தான்மா இனிமே போவ முடியும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு இடுப்பில் சுருக்கென்றது. சூட்டு வலி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த வலியில் பனிக்குடம் உடைந்து சேலையெல்லாம் நனைந்தது. அவர் பதறிக் கீழே குதித்தார். முழங்கால் வரை சேற்றில் புதைந்துபோய், நின்ற இடத்திலிருந்தே "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை.

தூரத்தில், ஆழமான ஓடைப் பக்கம், தண்ணீர்மேல் சில தலைகள் தெரிந்தன. ஒவ்வொரு வாயிலும் ஒரு ஓலைக்கூடை. கையாலேயே இறால் பிடிக்கும் பெண்கள். தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, அடியில் துழாவி, அகப்பட்டதைப் பல்லில் கவ்விய கூடைக்குள் போடுவார்கள். கத்தலைக் கேட்டதும் அத்தனை பேரும் எழுந்தார்கள். கூடைகளை ஒரு கிளையில் மாட்டிவிட்டு, சேற்றில் எங்களைப் போலப் புதையாமல், வேர்கள் இருக்கிற இடமாகப் பார்த்துக் கால் வைத்து வந்தார்கள்.

நெட்டையாக இருந்த ஒருத்தி என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்கெல்லாம் நேரம் கெடையாது. கொயந்த வந்துகினே கீது" என்றாள். எல்லோருமாகப் படகைச் சேற்றோடு இழுத்து மர நிழலுக்குக் கொண்டுபோனார்கள். அவர் கயிற்றைக் கட்ட ஓரத்து மரம் ஒன்றைப் பிடிக்கப் போக, ஒருத்தி அலறினாள். "நைனா, அத்தத் தொடாத! அது தில்லை. பாலு கண்ணுல பட்டா கண்ணு அவிஞ்சிடும்." பிறகு அவரையும் படகுக்காரரையும் மரங்களுக்கு அந்தாண்ட அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பெண்கள் வீடு திரும்பும்போது மாற்றிக்கொள்ள, உலர்ந்த சேலைகளை மூட்டை கட்டிக் கிளைகளில் வைத்திருந்தார்கள். அவற்றை அவிழ்த்து மரத்துக்கு மரம் மறைப்பாகக் கட்டினார்கள். நான் படுத்திருந்த இடத்திலிருந்து இலைகளும் துண்டு வானமும் தெரிந்தன. படகைச் சுற்றிச் சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தன. "மாதாவே, மாதாவே" என்று நான் கத்த, என் தலையை மடியில் வைத்திருந்தவளும் கூடவே "மாதாவே" என்று சொன்னாள். அவள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவளோ, தெரியாது.

குழந்தை பிறந்தது. அழவில்லை.

நெட்டையானவள் குழந்தையைக் கவிழ்த்து முதுகைத் தேய்த்தாள். வாயைத் துடைத்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். "அயுவுடி என் கண்ணு, அயுவு" என்று கெஞ்சினாள். ஒரு விக்கல். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். மரங்களுக்கு அந்தாண்ட என் வீட்டுக்காரர் ஓவென்று அழுதது எல்லோருக்கும் கேட்டது. பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"பொட்டப் புள்ள, நைனா!" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள்.

தொப்புள்கொடியை அவள் அறுக்கவில்லை. "என் கையெல்லாம் சேறு. ஆஸ்பத்திரில அறுத்துக்கட்டும்" என்று, மறைப்புக்குக் கட்டியிருந்த சேலையில் ஒன்றை எடுத்து அப்படியே சுற்றி என் மார்பில் வைத்தாள். அதற்குள் தண்ணீர் ஏறத் தொடங்கி, படகு மெல்ல ஆடியது. அவரும் படகுக்காரரும் ஏறிக்கொண்டதும், பெண்கள் மார்பளவு தண்ணீர் வரை கூடவே நடந்து வந்து தள்ளிவிட்டார்கள். எண்ணூர்க் கரையில் ஒரு லாரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு, பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து ஓட்டி ராயபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

சில மாதம் கழித்து, குழந்தையோடு திரும்பும் வழியில் அந்தச் சேலையைத் துவைத்து மடித்து எடுத்துப் போனேன். அதே இடத்தில் தலைகள் தெரிந்தன. நெட்டையானவள் கூடையை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் படகுப் பக்கம் வந்தாள். ஈரக் கையால் தொடாமல், குழந்தையின் உச்சியை முகர்ந்து மட்டும் பார்த்தாள்.

"சேலைய இன்னாத்துக்குமே எனக்குக் குடுக்கற? தூளி கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு மறுபடி தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டாள்.

அவர்களில் ஒருத்தியின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதனால் ராயபுரத்து மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம் "அன்னிக்குக் கழியில இருந்தவங்க" என்று மட்டும் சொல்லி வேண்டிக்கொள்வேன். யாரைச் சொல்கிறேன் என்று மாதாவுக்குத் தெரியும்.