கறை படாத சட்டை

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, உயிருக்கு ஆபத்தில்லை, இனி பயிற்சி தரும் மறுவாழ்வு மையம் ஒன்றில் சேருங்கள் என்று அனுப்பினார்கள். முதல் மூன்று மாதம்தான் முக்கியம், கை திரும்புவதானால் அதற்குள் அசையத் தொடங்க வேண்டும் என்றார் டாக்டர். அந்தக் கை எனக்குத் திரும்ப வேண்டும். மனுஷர் ஜுரத்தில் கிடந்தபோதுகூட எழுந்து உட்கார்ந்து தானே சாப்பிட்டவர். அடுத்தவர் ஊட்ட வாயைத் திறப்பது அவருக்குச் சாவைவிடக் கேவலம்.

நல்ல இடம் தேடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். டெல்லியில் மத்திய அரசுத் தணிக்கைப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவள். எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் பத்தே நிமிஷத்தில் குறையைப் பிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. நோட்டை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன். அந்த நேரத்தில் எவரும் நடிக்க முடியாது என்பது என் கணக்கு.

முதல் இடம் கண்ணாடி மாதிரி இருந்தது. நோயாளிகள் தலை படிய வாரி, பவுடர் பூசி, சாப்பாடு முடிந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சட்டையிலும் ஒரு பொட்டுக் கறை இல்லை.

"அம்மா, எக்தம் சாஃபா இருக்கு. அப்பாவை இங்கயே வெச்சிடலாம்" என்றாள் மகள். படுசுத்தம் என்கிறாள்; டெல்லியில் பிறந்து வளர்ந்த பெண்ணின் தமிழ் அது.

இரண்டாவது இடம் ஒரு பழைய பங்களா. சாப்பாட்டு மேசை முழுக்கப் பருப்பு சிந்திக் கிடந்தது. ஒரு பெரியவரின் மார்பில் ராஜ்மாக் குழம்பு வழிந்துகொண்டிருக்க, பக்கத்தில் நின்ற ஊழியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். ஏன் அண்ணா, ஊட்டிவிட்டால் உங்கள் கை தேய்ந்துவிடுமா என்று இந்தியில் கேட்டேன். "மாத்தாஜி, அவர்தான் சாப்பிடுகிறாரே" என்று அமைதியாகச் சொன்னார். கவனிப்பு படுமோசம் என்று நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

முதல் இடத்தில் சேர்த்தோம். பார்வையாளர் நேரம் சாயங்காலம் நான்கிலிருந்து ஆறு. நான் போகும்போதெல்லாம் வெள்ளைச் சட்டை போட்டு, பளிச்சென்று உட்கார்ந்திருப்பார். கேட்டவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். ஆனால் இரண்டு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிற்று. பேச்சு குழறினாலும் முதலில் நாலு வார்த்தை பேசியவர், அதையும் நிறுத்திவிட்டார். வலது கை மடியில் போட்டது போட்டபடி கிடந்தது. விசாரித்தால் ஒரு தாளைக் காட்டினார்கள். குளியல், சாப்பாடு, மருந்து, பயிற்சி எல்லாவற்றுக்கும் நேராக டிக். டிக்கைப் பார்த்தால் எனக்கு மனசு குளிர்ந்துவிடும், பழக்க தோஷம்.

ஒருநாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நல்ல முருங்கைக்காய் கிடைத்தது. சாம்பார் வைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு, வாசல் காவலாளியோடு மல்லுக்கட்டி, மதியமே உள்ளே போய்விட்டேன். ஒரே ஊழியர் நான்கு பேருக்கு மாறி மாறி ஊட்டிக்கொண்டிருந்தார். கூழாக அரைத்த கிச்சடி. என் வீட்டுக்காரர் கழுத்திலிருந்து முழங்கால்வரை ஒரு பெரிய துணியைக் கட்டியிருந்தார்கள். நல்ல கையும் வராத கையும் இரண்டுமே அந்தத் துணிக்குள். ஆறே நிமிஷத்தில் கிண்ணம் காலி. துணியை உருவினார்கள், சட்டை பளிச். அவர் என்னைப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

சட்டையில் கறை எப்படிப் படும்? மனுஷரை எதையுமே செய்ய விடவில்லையே. முப்பத்து நான்கு வருஷத் தணிக்கைக்காரி, கையைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்திருக்கிறேன். கழிப்பறைக்குள் போய் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மேலாளரோடு ஒரு மூச்சு சண்டை போட்டேன். மறுநாளே அந்தப் பழைய பங்களாவுக்கு மாற்றினோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அதே ஊழியர்தான் சக்கர நாற்காலியை வாங்கிக்கொண்டார். என்னை அடையாளம் தெரிந்தும் பழசைக் குத்திக்காட்டவில்லை. நல்ல மனுஷர்.

அங்கே பயிற்சி கொடுத்தவள் ஒரு ஹரியானாக்காரப் பெண். ஊருக்கே கேட்கிற குரல். இடது கையில் ஸ்பூனைக் கொடுத்து இவர் முன்னால் சோற்றை வைத்தாள். இவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மூன்று நாள் இதே கதை. 'பசியில்லை' என்று அவள் தாளில் எழுதினாள்.

பசியில்லையாம்! எங்கள் திருநெல்வேலிக்காரருக்கா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடது கையால் சோற்றை வாயில் வைப்பது எங்கள் வீட்டில் கிடையாது, குழந்தையானாலும் சரி, நோயாளியானாலும் சரி. ஸ்பூன் பாயசத்துக்கு மட்டும்தான் என்றேன். வலது கைதான் வரவில்லையே, பிறகு எப்படி என்றாள். ஒரு தட்டில் தயிர்சாதம் போட்டுப் பிசைந்து காட்டினேன். விரல்களால் அழுத்தி, புரட்டி, வழித்து, ஒன்று சேர்த்து, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவதுவரை. அவள் குனிந்து என் விரல்களையே பார்த்தாள்.

"கமால் ஹை, அற்புதம்! களிமண் மாதிரி ஒன்றைக் கொடுத்து எல்லாரிடமும் இதைத்தானே செய்யச் சொல்கிறேன்!" என்று கத்தினாள்.

அன்றிலிருந்து அவருக்குப் பிசைவதே பயிற்சி. எவர்சில்வர் தட்டில் குழைந்த சாதம், அவர் முழங்கைக்கு அடியில் அவள் உள்ளங்கை, அவ்வளவுதான் உதவி. வீட்டார் கை வைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். முதல் வாரம் விரல்கள் சோற்றில் புதைந்து சும்மா கிடந்தன. அடுத்த வாரம் சுண்டுவிரலும் மோதிரவிரலும் லேசாக மடங்கின. பிறகு சோறு வாய்க்குப் போகாமல் மூக்குக்கும் காதுக்கும் போனது. ஒரு கவளத்துக்கு ஐந்து நிமிஷம். பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப்போலக் கஷ்டமான வேலையை என் சர்வீஸில் நான் செய்ததில்லை. ஆனால் பேச்சு திரும்பியது. சாதம் குழையவில்லை என்று குறை சொல்லத் தொடங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மோர்க்குழம்பு கொண்டுபோயிருந்தேன். பாதிச் சாப்பாட்டில் ஒரு கவளம் நழுவி மடியில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. என்னால் தாங்க முடியவில்லை. சட்டமாவது ஒன்றாவது என்று ஒரு கவளத்தை உருட்டி அவர் வாய்க்குக் கொண்டுபோனேன்.

அவருடைய வலது கை தட்டிலிருந்து எழுந்தது. யாரும் தாங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து ஓரமாக ஒதுக்கி வைத்தது.

"ஏட்டி, விடு. நானே தின்னுக்கிடுதேன்."

ஹரியானாப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அறை அதிரக் கைதட்டினாள். எனக்கு மணிக்கட்டு வலித்தது. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கட்டும் என்று கையை இழுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.