மூன்று தண்ணீரில் அலசிய துணி

போன ஞாயிறு காலை புனேயில் போபோடி மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது, செல்வராஜ் அண்ணனின் மனைவி பாக்கியம் அண்ணியின் போன் வந்தது. "மணி, அவரு போயிட்டாருப்பா" என்றார்கள். கீரைக்கட்டைக் கடைக்காரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

செல்வராஜ் அண்ணனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர், நான் ஸ்டோரில் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்யாணமாகி ஒன்பது ஆண்டுகள் கழித்து, அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தெருவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஸ்டோரில் கழிவென்று ஒதுக்கிய வெள்ளைத் துணியைக் கேட்டு வாங்கி, அணையாடைக்குக் கொடுப்பது என் வழக்கம். அந்த முறை கொடுத்த துணியில், ஸ்டோரில் குத்திய முத்திரையின் மை சரியாகக் காயவில்லை. பார்த்தேன். ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

குழந்தையின் உதடும் நகமும் நீலம் பூத்தன. துணியை விரித்துப் பார்த்த டாக்டர், இந்த மையே காரணமாக இருக்கலாம் என்றார். பதினோராம் நாள் குழந்தை இறந்துவிட்டது. அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அதன்பின் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அவர் மஞ்சள் பையோடு போய் நிற்பார். பையில் மூன்று தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்த பழைய வேட்டித் துண்டுகளும் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும் இருக்கும். "பவுடர் வேணாம்மா, காஜல் வேணாம். வாசன வர்ற எதுவுமே வேணாம். பச்சப்புள்ளத் தோலு, பட்டதெல்லாம் உள்ள இழுத்துக்கும்" என்பார்.

"வந்துட்டாருடி இன்ஸ்பெக்டரு" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவர் தெருமுனை திரும்பியதும் பவுடர் டப்பா வெளியே வரும். ஊரின் மறுகோடியில், கராடியில், சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த அவருடைய தங்கை மகன், தனக்குப் பிள்ளை பிறந்ததும் அலமாரி நிறைய லோஷனும் சோப்பும் அடுக்கி வைத்திருந்தான். "மாமா, எல்லாம் இம்போர்டட்" என்று சிரித்தான். அண்ணன் துண்டுகளை வைத்துவிட்டு வந்தார். அடுத்த முறை நானும் கூடப் போனேன். வேலைக்காரம்மா அந்தத் துண்டுகளால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் பேச்சு எங்கும் எடுபடவில்லை என்பதே உண்மை.

என் பேத்தி பிறந்தபோதும் வந்தார். அன்று சொல்லிவிடுவது என்றே இருந்தேன். "அண்ணா, அன்னைக்கு நான் குடுத்த துணி..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடு மணி. பாப்பாவப் பாரு, எப்படிச் சிரிக்குது" என்றார். கோழை நான், விட்டுவிட்டேன்.

திங்களன்று அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர்கள் எழுந்து படத்தின் முன்னிருந்த விளக்கைத் தூண்டிவிட்டார்கள். பிறகு, "மை ஈரமா இருந்தது உனக்குத் தெரியுமா? கடைசி வரைக்கும் அவரு, தொவைக்காம மடிச்சுக் குடுத்தேனே, நான்தானே கொன்னேன்னு சொல்லிச் சொல்லி அழுதாருப்பா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மணி" என்றார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அண்ணா, நீங்கள் கொல்லவில்லை. நான் பார்த்தும் கொடுத்தேன். நீங்கள் படிக்க முடியாத நாளில் இதை எழுதுகிறேன். போய் வாருங்கள்.