மகள் போட்ட இரண்டு கேள்விக்குறி

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கம்பியூட்டருக்கு எழுதும் மொழியைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கேட்கலாம். ஆனாலும் பிலிமத்தலாவையில் மகள் படித்த கம்பியூட்டர் வகுப்பில் அன்று நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மகள் கடைசிப் பரீட்சைக்காக, எங்கள் கோவிலுக்கு அர்ச்சனைப் பட்டியல் அச்சடிக்கும் புரோகிராம் ஒன்று எழுதியிருந்தாள். நட்சத்திரம் தெரியாதவர்களுக்கு ஐயர் "சுவாமி பெயருக்கு" என்று சொல்லித்தானே அர்ச்சனை செய்கிறார்? அதையே அவளும் செய்திருந்தாள். முன்பெல்லாம் இதற்கு, இருந்தால் இதை எடு, இல்லாவிட்டால் அதை எடு என்று பல வரி எழுத வேண்டுமாம். இப்போது அந்த மொழிக்குப் புதுக் குறி வந்திருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி. இடப்பக்கம் வெறுமையாக இருந்தால் வலப்பக்கம் இருப்பது வரும். ஒரே வரி. அவள் காட்டியபோது எனக்கே விளங்கியது.

வகுப்பு நடத்தும் சேர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கையெழுத்து இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. கண்டியில் சொல்லி வைத்திருந்த வேலையும் இல்லை. வீட்டிலிருந்து ஆளைக் கூட்டி வரச் சொன்னதால் போனேன்.

"இது என்னோட நோட்ஸ்ல இல்லாத குறிம்மா. எங்கயோ பார்த்து கொப்பி அடிச்சிருக்கா. அதுவும் நட்சத்திரம் தெரியாத ஆள் யாரு இருக்கா? சும்மா கதை."

"நான் இருக்கேன் சேர்," என்றேன். "தெல்தோட்டைல தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தேன். அன்னைக்கு எங்க வீட்ல மணி பார்க்க யாருக்கு நேரம் இருந்துச்சு?"

மகள் என் பெயரை அடித்து, நட்சத்திரத்தை வெறுமையாக விட்டாள். திரையில் "சுவாமி பெயருக்கு" என்று வந்தது.

"சேர், கொப்பி அடிச்ச குறி வேலை செய்யுதே!" என்று பின்வரிசையில் ஒரு பிள்ளை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது.

"வேலை செஞ்சா போதுமா? நான் படிப்பிச்ச மாதிரி இருக்கணும்."

மகள் அங்கேயே உட்கார்ந்து பழையபடி பதினொரு வரியில் எழுதினாள். திரையில் வந்தது அதேதான். கையெழுத்துப் போட்டார்.

"இப்ப அவ கொப்பி அடிச்சவ இல்லையா சேர்?" என்று கேட்டேன். அவர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் மகள், "விடும்மா, கோவிலுக்குக் குடுக்கப் போறது அந்த ஒத்த வரியத்தான்," என்றாள். அவள் விட்டுவிட்டாள். என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை முருகன் முன்னால் நின்றபோது, அந்த மனுசருக்கு நல்ல புத்தி கொடு என்று கேட்க மனம் வரவில்லை. என் பிள்ளையைக் கள்ளி என்றதற்கு நியாயம்தான் கேட்டேன். முருகன் என்னை மன்னிக்கட்டும்.