முதல் இழுப்பு

ஷீஷாக் கடையையும் வைத்துக்கொண்டு, அந்த ஹூக்காவைக் குடிக்க வருகிறவனையும் திட்டுகிற மனிதரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? உமாராணிக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் உண்டு. அந்தப் புண்ணியவானுக்குத்தான் அவள் கழுத்தை நீட்டியிருந்தாள்.

"ஏன் தம்பி, ஊர்ல அப்பா அம்மா என்ன நெனச்சுக்கிட்டு இருப்பாங்க? நீ இங்க உக்காந்து புகை விடுறியே, நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?" என்று பாண்டித்துரை மேசை மேசையாகப் போய்க் கேட்பார். கேட்டு முடித்த கையோடு, "சரி, என்ன பிளேவர் வேணும்? ஆப்பிளா, திராட்சையா?" என்பார். வந்தவன் திருதிருவென்று விழிப்பான். இரண்டு மூன்று பேர் எழுந்தே போயிருக்கிறார்கள். கல்லாவில் இருக்கும் உமாராணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். பல நாள் அடித்தும் கொண்டிருக்கிறாள்.

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து அவள் பஹ்ரைனுக்கு வந்து பதினாறு வருடங்கள் ஆகின்றன. அதில் பன்னிரண்டு வருடம் மனாமாவில் ஒரு பல் மருத்துவரிடம் ரிசப்ஷனிஸ்ட். அரபி பேசுவாள், ஆங்கிலத்தில் மெயில் அனுப்புவாள், அழுகிற குழந்தையை வாய் திறக்க வைப்பாள். பாண்டித்துரைக்குக் கிரேன் ஓட்டத் தெரியும், அது ஒன்றுதான் தெரியும். நாலு வருடத்துக்கு முன் அவர் வேலை பார்த்த யார்டை மூடிவிட்டார்கள். மூன்று மாதம் ரூமில் உட்கார்ந்து டிவி பார்த்தார். நாலாவது மாதம், "மெஸ் வைக்கலாம் ராணி" என்றார். குதைபியாவில் அவர்கள் குடியிருந்த தெருவிலேயே அப்போது மூன்று மெஸ் இருந்தது. மூன்றிலும் சாம்பார் மிஞ்சிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் விசாவுக்குப் பொறுப்பான அரபி, அவர்களுடைய கபீல், கூப்பிட்டார். அவர் பெயரில் ஒரு ஷீஷாக் கடை பூட்டிக் கிடந்தது. லைசென்ஸ் இருக்கிறது, குழாய்கள் இருக்கின்றன, சோபாகூட இருக்கிறது, எடுத்து நடத்துங்கள் என்றார். இப்படியாக, வாழ்க்கையில் பீடி, சிகரெட், வெற்றிலை எதையும் தொடாத மனிதர் ஷீஷாக் கடை முதலாளி ஆனார்.

தொடாததை அவர் சொல்லாத நாள் கிடையாது. கரி கொண்டுவருகிற டிரைவரிடம் சொல்வார், லைசென்ஸ் புதுப்பிக்க வந்த டைப்பிங் சென்டர் பையனிடம் சொல்வார். "இந்த வாய் இருக்கே, இதுல ஒரு பீடி பட்டது கெடையாது" என்று விரலால் உதட்டைத் தொட்டுக் காட்டுவார். காலேஜ் சர்டிபிகேட் மாதிரி அதைப் பிரேம் போட்டு மாட்டாததுதான் பாக்கி.

கடை நடத்துவது லேசுப்பட்ட காரியமா? புகைக்கிற பகுதிக்குத் தனிக் கண்ணாடிக் கதவு வேண்டும், அது தானாக மூட வேண்டும் என்று சோதனைக்கு வந்தவர் எழுதிவைத்துப் போனார். கதவு மூடியது, ஆனால் திறக்கவில்லை. உள்ளே நாலு பேர் மாட்டிக்கொண்டு கண்ணாடியைத் தட்டினார்கள். அதைச் சரிசெய்தால், மாடி வீட்டுக்காரர் வந்து, காயப்போட்ட போர்வையெல்லாம் ஆப்பிள் வாசனை அடிக்கிறது என்று சண்டை போட்டார். நம்ம ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள் தனி ரகம். ஆறு பேர் வருவார்கள், ஒரு குழாய் சொல்வார்கள், சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டு தமிழ்நாட்டில் அடுத்த ஆட்சியை அமைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். போகும்போது, "அக்கா, பரோட்டா போட்டா நல்லா ஓடும்" என்று யோசனை வேறு.

இத்தனைக்கும் நடுவில் கடை ஓடியதென்றால் அதற்கு ஒரே காரணம் சுஐபு. கீழக்கரைக்காரன். முப்பத்தெட்டு வயது, ஊரில் மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். முன்பு துபாயில் ஏழு வருடம் இதே வேலை பார்த்தவன். மண்கிண்ணத்தில் புகையிலையை அவன் உதிர்த்துப் போடுகிற பதமே வேறு. மேலே அலுமினியத் தாளைச் சுற்றி, ஊசியால் துளை போட்டு, கங்கு வைப்பான். அதோடு வேலை முடியாது. புகை பிடித்து வருகிறவரை யாராவது ஒருவர் குழாயில் வாய் வைத்து நன்றாக இழுத்துவிட வேண்டும். பத்து இழுப்பு, பதினைந்து இழுப்பு. வெள்ளையாய்ப் புகை வந்ததும் வாய்முனையை மாற்றிவிட்டு மேசைக்குக் கொண்டுபோவார்கள். நோகாமல் உட்கார்ந்திருக்கிற வாடிக்கையாளருக்கு முதல் இழுப்பிலேயே புகை கிடைக்கும். ஒரு நாளைக்கு நாற்பது குழாய் போனால், நாற்பதையும் முதலில் குடிப்பவன் சுஐபு.

அவன் இரும ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிவிட்டது. காலையில் கதவைத் திறக்கும்போது இருமுவான், கங்கு ஊதும்போது இருமுவான். "அண்ணே, இதுக்கு ஒரு மெஷின் இருக்கு. பேன் வச்சு அதுவே இழுத்துரும். முஹர்ரக்ல ஒரு கடையில பாத்தேன்" என்று பாண்டித்துரையிடம் கேட்டுப் பார்த்தான்.

"மெஷின் வச்சா கருகிப்போயிரும்டா. வாயால இழுத்தாத்தான் பதம் தெரியும்" என்றார் பாண்டித்துரை. எந்த வாய்? யார் வாய்? குழாயின் எந்த நுனி எங்கே போகும் என்றுகூடத் தெரியாத மனிதர் பதம் பேசினார்.

உமாராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் மட்டும் என்ன செய்துவிட்டாள்? "அடுத்த மாசம் பாக்கலாம் சுஐபு" என்றாள். இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தாள், சுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்ததும், "ஏழாம் நம்பர் டேபிளுக்கு ரெண்டு" என்று அவனைத் திரும்பக் குழாயிடமே அனுப்பினாள். பின்னால் இதை நினைத்தபோதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

போன மாதம் சுஐபுவின் விசா புதுப்பிக்க வேண்டி வந்தது. மெடிக்கலுக்குப் போனான். எக்ஸ்ரே எடுத்தார்கள், திரும்ப வரச் சொன்னார்கள், இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த ஒரு வாரமும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. டிபி என்று வந்தால் வளைகுடாவில் யாரும் பேச்சுக்கு இடம் வைக்க மாட்டார்கள், நேரே விமானம்தான். கடைசியில் டிபி இல்லை, பாஸ் என்று வந்தது. ஆனால் டாக்டர் அவனை உட்காரவைத்து, நெஞ்சு பாதி கெட்டிருக்கிறது, இன்றோடு புகையை விடு, இல்லாவிட்டால் அடுத்த முறை இங்கே வர உனக்குத் தெம்பு இருக்காது என்று சொல்லி அனுப்பினார்.

சுஐபு வந்து கல்லா முன்னால் நின்றான். "அக்கா, டீ போடுறேன், கிளாஸ் கழுவுறேன், கிண்ணம் கட்டுறேன், கங்கு வைக்கிறேன். இழுக்க மட்டும் முடியாதுக்கா. பிள்ளைங்க சின்னது."

அவள் வாய் திறப்பதற்குள் பாண்டித்துரை உள்ளேயிருந்து வந்துவிட்டார். "ஷீஷா இழுக்காத ஷீஷா மாஸ்டரா? அப்ப கிரேன்ல ஏறாத கிரேன் ஆபரேட்டர் ஒருத்தன் வந்தா வேலை குடுப்பாங்களா? ஏய் ராணி, இவன் விசாவ கேன்சல் போடு. வேற ஆளு எடுத்துக்கலாம்."

விசா வேலையெல்லாம் உமாராணியின் போனில்தான் நடக்கும். அந்த வெப்சைட்டின் பாஸ்வேர்டுகூட அவருக்குத் தெரியாது. "சர்வர் வேலை செய்யல" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் அவர், "என்ன சர்வர் அது, நம்ம கண்ணாடிக் கதவைவிட மோசமா இருக்கு?" என்று கத்தினார். சுஐபு ஒரு பக்கம் டம்ளர் கழுவிக்கொண்டு, கேட்டும் கேட்காத மாதிரி இருந்தான். ஊரில் அவன் மனைவிக்கு இன்னும் எதுவும் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிரிக்கெட் மேட்ச். நாலரைக்கே கடை நிறைந்துவிட்டது. பதினைந்து குழாய்க்கு ஆர்டர். சுஐபு பதினைந்து கிண்ணமும் கட்டி, கங்கும் வைத்து, வரிசையாக நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். கங்கு சாம்பல் பூத்துக்கொண்டிருந்தது. இழுக்க ஆள் இல்லை.

"டேய், என்னடா மரம் மாதிரி நிக்கிற? யல்லா, இழுடா!" என்று பாண்டித்துரை குதித்தார். "ராணி, பாரு இவன! கஸ்டமர் எந்திரிச்சுப் போறான் பாரு! இன்னிக்கு கேன்சல் போடுறியா இல்லியா?"

உமாராணி கல்லாவைப் பூட்டினாள். உள்ளே போய், முதல் குழாயின் நுனியில் புது வாய்முனை ஒன்றைச் செருகினாள். எல்லாரும் பார்க்க அதைக் கொண்டுவந்து கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இழுங்க."

"யாரு, நானா? வெளயாடுறியா? இந்த வாயில ஒரு பீடி கூட..."

"தெரியுங்க. நாலு வருசமா ஊருக்கே தெரியும். உங்க வாய் சுத்தமான வாய். நாலு வருசமா அவன் வாயக் கருக்கித்தானே அதச் சுத்தமா வச்சிருக்கீங்க? நானும் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். கேன்சல் போடச் சொல்றீங்கள்ல, போடுறேன். பதினஞ்சையும் நீங்க இழுத்துக் குடுங்க. குடுத்து முடிச்ச உடனே போடுறேன்."

டிவியில் டாஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் டிவியைப் பார்க்கவில்லை. "அண்ணே, இழுங்கண்ணே!" என்று மூலையிலிருந்து ஒருவன் கைதட்டினான். பாண்டித்துரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "குடுடி" என்று பிடுங்கி, வாயில் வைத்து இழுத்தார்.

ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். மூன்றாவது இழுப்பில் புகை நெஞ்சுக்குள் இறங்கியது. இருமினார் பாருங்கள், ஐம்பத்தோரு வயது மனிதர் கண் பிதுங்கி, மூக்கு ஒழுகி, வேட்டி அவிழ்கிற மாதிரிப் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடையே சிரித்தது. உமாராணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றை முடித்தார். இரண்டாவதையும் முடித்தார். மூன்றாவதை முடித்ததும் தலை சுற்றி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. நாலாவது குழாயை எட்டிப் பிடித்தார், விடவில்லை மனிதர், ஆனால் அதை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

பன்னிரண்டு குழாய் மிச்சம் இருந்தது.

சுஐபுவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஓடிவந்து பக்கத்தில் குத்துக்காலிட்டான். "அண்ணே, போதும்ணே. ஒங்களுக்குப் பழக்கமில்ல. இங்க குடுங்க, நான் பாத்துக்குறேன்" என்று குழாய்க்குக் கை நீட்டினான். நீட்டும்போதே அவனுக்கு இருமல் வந்தது. வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டு, மற்றக் கையை நீட்டியபடியே இருமினான்.

பாண்டித்துரை அந்தக் கையைப் பார்த்தார். அவன் இருமி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வருடமாகக் காதில் விழுந்த இருமல்தான் அது. பிறகு குழாயை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதடா" என்றார். "எட்டிப் போ. நீ இதத் தொடாத."