பள்ளிக்கூடத்துச் சரிவு

என் மகளுக்குக் கால் வராது, தவழ்வாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு உயரமான படிகள். தூக்கிவந்து விடுகிறேன் என்றேன்.

"படியில உழுந்துபோட்டா யாருங்க பதில் சொல்றது? படிக்குப் பக்கத்துல சரிவு கட்டுனதும் சேத்துக்கறமுங்க" என்றார் வாத்தியார்.

ஆடியில் கட்டட வேலை தொடங்கக்கூடாது என்றார்கள். பிறகு மழை. மார்கழியும் ஆகாது. வருஷங்கள் இப்படியே போயின. சரிவு கட்டி முடித்தபோது மகள் வயதுக்கு வந்திருந்தாள்.

"சமைஞ்ச புள்ளைய எப்படிங்க சேக்கறது? வேற நொண்டிப்புள்ள இருந்தாச் சொல்லுங்க" என்றார் அதே வாத்தியார்.

"ஒருக்கா ஏறிப் பாத்துட்டு வந்தர்லாங்கப்பா" என்றாள் மகள். ஞாயிற்றுக்கிழமை தூக்கிப்போய்க் கீழே இறக்கிவிட்டேன். சரிவில் தவழ்ந்து தானாகவே மேலே போனாள். கதவு பூட்டியிருந்தது. இடுக்கு வழியே வெகுநேரம் உள்ளே பார்த்துவிட்டு இறங்கினாள்.

"நல்லாத்தான் கட்டியிருக்காங்கப்பா" என்றாள்.

அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.