வாடியில் ஒரு கக்கூஸ்

காலையில் உம்மா கொண்டுபோகும் தண்ணீர்ப் போத்தல் பின்னேரம் அப்படியே திரும்பி வரும். தொட்டால் கை சுடும், ஒரு சொட்டும் குறைந்திருக்காது. கற்பிட்டியில் ஒரு கருவாட்டு வாடியில் மீன் வெட்டிக் காயப்போடும் வேலை அவளுக்கு. பகல் முழுக்க வெயிலும் உப்பும், ஆனால் தண்ணீர் குடிக்கமாட்டாள். அங்கே பெண்களுக்குக் "கக்கூஸ்" இல்லை.

ஆண்கள் பத்தைக்குள் ஒதுங்கினார்கள். முதலாளியின் தங்கச்சி மகள் ரிஸ்னாவும் அங்கேதான் வேலை செய்தாள். அவள் மாமா வீட்டுக் குசினிப் பக்கமாகப் போய் வருவாள். பின் வளவில் குடியிருந்த சிங்களப் பெண் குசுமா தன் வீட்டுக்குப் போவாள். உம்மாவையும் கூப்பிட்டுத்தான் பார்த்தாள். ஆனால் குசுமாவின் புருஷன் இரவில் கடலுக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவன், வேற்று ஆம்பிளை படுத்திருக்கும் வீட்டுக்குள் உம்மா எப்படி நுழைவாள்? முதலாளி வீட்டுக் கேற்றையோ "அகதிக் கேம்ப்" ஆட்கள் தாண்டும் வழக்கமே இல்லை. உம்மா, முஸ்லிம் என்பதால் யுத்த காலத்தில் ஐந்து வயதில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டவள், முஸ்லிம்களுக்கு நடுவில் வந்து, பிள்ளை பெற்ற பிறகும் அகதிதான். ஊரில்லை, காசில்லை, போதாததற்குப் பெண், ஆகவே அடக்கிக்கொள். பிற்காலம் நான் கம்பஸில் படித்தபோது, ஒருத்தி மேல் பல ஒடுக்குமுறைகள் ஒன்றாக விழுவது என்று இதைத்தான் இரண்டு மணித்தியாலம் ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களாகக் கீறி விளக்கினார்கள்.

உம்மா காய்ச்சலும் நீர்க்கடுப்புமாக இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போனாள். தண்ணீர் குடிக்காவிட்டால் கிட்னி பழுதாகிவிடும் என்று டொக்டர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, மறுநாளும் குடிக்காமல் வேலை செய்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் நானும் வாடிக்குப் போனேன். எல்லாரும் ஹாஜியார் என்று கூப்பிடும் முதலாளி நல்ல மனுஷன்தான்; எனக்கொரு சோடா உடைத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

"வேணாம் ஹாஜியார். குடிச்சா ஒண்ணுக்கு வரும். எங்க போறது?"

உம்மா என் தொடையைக் கிள்ளினாள். ஆண்கள் எல்லாரும் திடீரென்று வலையில் எதையோ தேடினார்கள்.

"எங்கட வூட்டுக்குப் போறதானே, ஆரு வேணாண்டது?" என்றார் ஹாஜியார்.

குசுமா உம்மாவைக் காட்டிச் சிரித்தாள். "முதலாளி, இந்த நங்கி போனா உங்கட வூட்டு நோனா கதவு தொறக்கிறதா?"

அவர் ரிஸ்னாவைப் பார்த்தார், சொந்தக்காரி தன் பக்கம் பேசுவாள் என்று. ரிஸ்னா கத்தியைக் கீழே வைத்தாள்.

"தொறக்கமாட்டாங்க மாமா. நான் போனாலே மூஞ்ச நீட்டுவாங்க."

அதற்குப் பிறகு ஒரு பெண்ணும் மீனைத் தொடவில்லை. குவியலில் இலையான் மொய்த்தது. பொழுது சாய முன்னம் ஹாஜியார் கூப்பிட்ட மேசன் வந்து கக்கூசுக்கு இடம் அளந்துகொண்டிருந்தான்.

கட்டி முடிந்ததும் வந்தது அடுத்த சங்கடம்: பூட்டு. சாவி கணக்கப்பிள்ளையின் சட்டைப் பையில். ஒவ்வொரு முறையும் ஓர் ஆம்பிளையிடம் போய்க் கேட்கவேண்டும். அவன் "இப்பதானே போனீங்க" என்பான். நான்காம் நாள் உம்மா சாவியை வாங்கினாள், கதவைத் திறந்தாள், பூட்டையும் சாவியையும் பக்கத்துக் களப்புத் தண்ணீரில் எறிந்துவிட்டு வந்து மீன் வெட்ட உட்கார்ந்தாள். அத்தனை நாளும் வாயே திறக்காதவள். பூட்டு எங்கே என்று அவன் கேட்டதற்கு, "வுழுந்திட்டு" என்றாள்.

வாடி இன்றும் இருக்கிறது. உம்மாவும் இருக்கிறாள், கிட்னியும் நன்றாக இருக்கிறது. அவளை அகதி என்பவர்கள் குறைந்துவிட்டார்கள், ஒழிந்துவிடவில்லை. அந்தக் கதவுக்கு மட்டும் வெளியே பூட்டில்லை. உள்ளே ஒரு கொண்டி.